இரண்டு அடுப்பும் பன்னிரண்டு இலையும்

பர் துபாயில் தீபாவளி விருந்து பெரும்பாலும் தீபாவளியன்று நடப்பதில்லை. 2024ஆம் ஆண்டில் வியாழக்கிழமையும் 2025ஆம் ஆண்டில் திங்கட்கிழமையும் வந்த அந்தப் பண்டிகைக்கு அமீரகத்தில் அரசு விடுமுறை கிடையாது என்பதால், விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, வழக்கம்போல் வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் உறவையும் நட்பையும் அழைத்து இலை போடுவதை அருகில் உள்ள சனி, ஞாயிறுக்கு ஒத்திவைக்கின்றன. தை மாதப் பொங்கலுக்கும் இதே கதிதான். ஈத் பெருநாள்களும் டிசம்பர் 2, 3 தேதிகளில் வரும் தேசிய தினமும்தான் நிதானமாகச் சமைக்க வாய்க்கும் நாள்கள். மீனா பஜாரை ஒட்டிய சந்துகளிலும் அல் ரஃபா, மன்கூல் பகுதிகளிலும் உள்ள பழைய அடுக்ககங்களில், இருவர் தோளோடு தோள் உரசாமல் நிற்க முடியாத ஒரு சமையலறையிலிருந்து பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு வெளிவர வேண்டியிருக்கும்போது, இடம் போதவில்லை என்பதே எல்லோரும் சொல்லும் குறை. ஆனால் அந்தச் சமையலறையில் உண்மையில் நெருக்கடி ஏற்படுத்துவது இடமன்று, வெப்பம். எந்த நேரத்தில் எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது, அது எந்த வழியாக வெளியேறுகிறது என்ற வரவு செலவுக் கணக்கைச் சரியாகப் போட்டால், மேடையின் நீளம் இரண்டாம் பட்சமாகிவிடுகிறது.

இந்தக் கணக்கை அதே வட்டாரம் ஒரு காலத்தில் வேறு விதமாகப் போட்டது. மீனா பஜாரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய அல் ஃபாஹிதி வரலாற்றுக் குடியிருப்பில், பாரசீக வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய வீடுகள் பவளக்கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்ட தடித்த சுவர்களோடும், வானம் பார்த்த முற்றத்தோடும், நாற்புறமும் திறந்த காற்றுக் கோபுரத்தோடும் நிற்கின்றன. பர்ஜீல் எனப்படும் அந்தக் கோபுரம் கடற்கழி மீது வரும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடும். அக்டோபர் மாதப் பகல் வெப்பம் 35 டிகிரியை எட்டும் ஊரில், இன்றைய அடுக்ககம் இதற்கு நேர்மாறாக, சன்னல்களை மூடிக்கொண்டு, உள்ளே சேரும் வெப்பம் முழுவதையும் ஏ.சி. இயந்திரத்தின் தலையில் கட்டுகிறது.

அந்த இயந்திரத்தின் திறனை ‘டன்’ என்ற அளவால் குறிக்கிறார்கள். பனிக்கட்டியால் குளிரூட்டிய காலத்தின் எச்சம் இது. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சிக்கொள்ளும் வெப்பமே ஒரு டன் குளிர்த்திறன் எனப்பட்டது. இன்றைய அலகில் அது ஏறத்தாழ 3.5 கிலோவாட். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றால் வீட்டிலிருந்து வெளியேற்ற முடிவது, அதிகபட்சமாக, 5.3 கிலோவாட் வெப்பம்தான். இப்போது வரவைப் பார்க்கலாம். சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. எனவே பன்னிரண்டு விருந்தினர் வந்து அமர்ந்தாலே 1.2 கிலோவாட் சேர்ந்துவிடுகிறது. இரண்டு அடுப்புகள் தலைக்கு 2 கிலோவாட் வீதம் எரிந்தால் அது 4 கிலோவாட். வெயில் படும் சுவரையும் ஃபிரிட்ஜின் பின்புறத்தையும் கணக்கில் சேர்க்கும் முன்பே இயந்திரம் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. விருந்தினர் வந்தபின் வடை சுடத் தொடங்கும் வீட்டில், எல்லோரும் விசிறிக்கொண்டு சாப்பிடுவதற்கும் ஏ.சி. பழுதாகிவிட்டதோ என்று வீட்டுக்காரர் சந்தேகப்படுவதற்கும் காரணம் இந்தக் கூட்டல்தான்.

அடுப்பு தரும் வெப்பத்தின் கணிசமான பகுதி கண்ணுக்குத் தெரியாத வடிவில், நீராவியாக வீட்டுக்குள் நுழைகிறது என்பது இதில் கவனிக்க வேண்டிய கூறு. கொதிக்கும் நீர் வெப்பநிலை மாறாமலே ஆவியாக மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை இயற்பியல் ‘உள்ளுறை வெப்பம்’ என்கிறது. ஒரு லிட்டர் நீருக்கு அது 2,260 கிலோஜூல். அந்த ஆவி ஏ.சி.யின் குளிர்ந்த குழாய்களில் பட்டு மீண்டும் நீராகும்போது அதே 2,260 கிலோஜூலையும் இயந்திரம் வாங்கி வெளியே தள்ள வேண்டும். ஒரு டன் இயந்திரம் வேறு எந்த வேலையும் செய்யாமல் இதற்கு மட்டும் பதினோரு நிமிடம் உழைக்க வேண்டியிருக்கும். சாதம் வடிப்பதிலும் சாம்பார் கொதிப்பதிலும் ஒரு காலைப்பொழுதில் இரண்டு, மூன்று லிட்டர் நீர் எளிதாக ஆவியாகிவிடும். போதாக்குறைக்கு, எரிவாயு எரியும்போதே நீர் உண்டாகிறது. அரைக் கிலோ வாயு எரிந்தால் முக்கால் லிட்டருக்கு மேல் நீர், ஆவி வடிவில், சமையலறைக் காற்றில் கலக்கிறது.

கடல் மட்டத்தில் உள்ள துபாயில் நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது; தீயைக் கூட்டினாலும் அது 101 ஆகாது. தளதளவென்று கொதிக்கும் குழம்பும், ஓரத்தில் மட்டும் குமிழிடும் குழம்பும் ஒரே வெப்பநிலையில்தான் வேகின்றன என்பதால், கூட்டிவைத்த தீ காயை விரைவாக வேகவைப்பதில்லை, நீராவியைத்தான் கூடுதலாக உண்டாக்குகிறது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிபோடுவது கேஸ் சிக்கனம் என்று சொல்லிப் பழகிய வழக்கம். மூடிய அடுக்ககத்தில் அது முதலில் ஏ.சி. சிக்கனம்.

எக்ஸாஸ்ட் விசிறியைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். சில வீடுகளில் அடுப்புக்கு மேல் உள்ள புகைக்கூண்டு காற்றை வெளியே அனுப்புவதில்லை. கரி வடிகட்டி வழியே இழுத்து மீண்டும் சமையலறைக்குள்ளேயே விடுகிறது. அது வாசனையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஓரளவு பிடிக்குமே தவிர, வெப்பத்தையும் ஈரத்தையும் துளியும் குறைக்காது. உண்மையாகவே வெளியே தள்ளும் விசிறி இருந்தாலும், வெளியேறும் காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும். எல்லாச் சன்னலும் அடைத்திருந்தால் விசிறி வெறுமனே இரைந்துகொண்டிருக்கும், அல்லது குளியலறைச் சாக்கடைக் குழாயின் வாடையை வீட்டுக்குள் இழுக்கும். மணிக்கு 300 கன மீட்டர் காற்றை வெளியேற்றும் விசிறி, உள்ளேயும் வெளியேயும் 10 டிகிரி வேறுபாடு இருக்கும் நாளில், ஏறத்தாழ ஒரு கிலோவாட் வெப்பத்தை வெளிக்காற்றோடு திரும்ப அழைத்துவருகிறது. ஆகவே அடுப்பு எரியும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, சமையலறைச் சன்னலையே இரண்டு விரற்கடை திறந்துவைத்து, கூடத்துக் குளிர்காற்றை விசிறி விழுங்காமல் பார்த்துக்கொள்வதுதான் லாபம். ஜனவரியில், பகல் வெப்பம் 24 டிகிரி அளவில் நிற்கும் பொங்கல் நாளில், இந்தக் கவலை எதுவும் வேண்டாம். எல்லாச் சன்னலையும் திறந்துவிடலாம்.

நீராவியை வெளியே விடாமல் அதைக் கொண்டே சமைக்கும் கருவி குக்கர். பிரெஞ்சு இயற்பியலாளர் தெனி பாப்பென் 1679இல் இதன் மூதாதையை உருவாக்கினார். அழுத்தம் மிகுந்து பாத்திரம் வெடிக்காமலிருக்க அவர் பொருத்திய எடைக்கட்டு வால்வுதான் இன்று விசிலடிக்கும் வெயிட்டின் முன்னோடி. 1682 ஏப்ரலில் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அந்தப் பாத்திரத்தில் சமைத்த உணவு பரிமாறப்பட்டதையும், எலும்புகூடப் பாலாடைக்கட்டி போல மெத்தென்று வெந்திருந்ததையும் ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். குக்கரின் வரலாறு விருந்தோடுதான் தொடங்குகிறது. உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் இரு மடங்கானால் நீரின் கொதிநிலை 120 டிகிரியாக உயர்கிறது. பருப்பும் கொண்டைக்கடலையும் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் வேகின்றன. தமிழ்ச் சமையல் குறிப்புகள் விசிலை எண்ணச் சொல்வது இந்த இயற்பியலோடு ஒட்டாத வழக்கம். விசில் என்பது மிகுதியான ஆவி வெளியேறும் ஓசை. தீ பெரிதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஐந்து விசிலும், சிறிதாக இருந்தால் இருபது நிமிடத்தில் ஒன்றும் வரலாம். முதல் விசிலுக்குப்பின் தீயை ‘சிம்’மில் வைத்து நிமிடத்தை எண்ணுவது, பருப்புக்கும் நல்லது, வீட்டுக்காற்றுக்கும் நல்லது. அடுக்குப் பாத்திரத்தில் கீழே பருப்பு, நடுவே அரிசி, மேலே உருளைக்கிழங்கு என்று வைத்தால், ஆவி ஒவ்வொரு பாத்திரத்தின் மீதும் படிந்து நீராகித் தன் உள்ளுறை வெப்பத்தை அங்கே விட்டுச்செல்வதால், ஒரே அடுப்பு மூன்று அடுப்பின் வேலையைச் செய்துவிடுகிறது. துபாய்க் குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த நீர் என்பதும் ஒரு சிறு வசதி. கால்சியம் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பின் செல்சுவர்ப் பெக்டின் இறுகி வேக மறுக்கும். ஊரில் வேகாமல் அடம்பிடித்த அதே துவரம்பருப்பு இங்கே சட்டென்று குழைவதற்கு நீரின் மென்மையும் ஒரு காரணம்.

மூன்றாவது அடுப்பாகப் பலர் வாங்கிவைப்பது இண்டக்‌ஷன் அடுப்பு. இதில் தீயோ சூடான கம்பியோ இல்லை. கண்ணாடித் தட்டுக்கு அடியில் உள்ள செம்புச் சுருளில் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாறும் மின்சாரம் ஓடி, அதனால் எழும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே சுழல்மின்னோட்டத்தைத் தூண்டிப் பாத்திரத்தையே சூடாக்குகிறது. இரும்பு கலந்த அடிப்பாகத்தில் இந்த மின்னோட்டம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மெல்லிய படலத்துக்குள் நெருக்கப்படுவதால் தடை மிகுந்து சூடு பிறக்கிறது. அலுமினியத்திலும் பித்தளையிலும் அது ஆழமாகப் பரவி, தடையின்றி ஓடிவிடுகிறது. ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த வெண்கலப் பானை இதன்மீது வைத்தால் பொங்காது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார்த்தால் போதும். ஒட்டினால் அந்தப் பாத்திரம் இண்டக்‌ஷனுக்கு ஆகும். எரிவாயு அடுப்பு தன் வெப்பத்தில் ஏறக்குறைய பாதியைப் பாத்திரத்தைச் சுற்றிக் காற்றிலே விட்டுவிட, இண்டக்‌ஷன் அடுப்பு எண்பது விழுக்காட்டுக்கு மேல் பாத்திரத்துக்குள் செலுத்துவதால், விருந்தினர் வந்தபின் செய்ய வேண்டிய கடைசி நேர வேலைகளுக்கு, ரசம் சுடவைப்பதற்கும் அப்பளம் பொரிப்பதற்கும், இதுவே உகந்தது.

ஆனால் இதை எங்கே செருகுவது என்பது தனிக் கேள்வி. அமீரகத்தின் மின்சாரம் இந்தியாவைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் கோயம்புத்தூர் கிரைண்டரும் சென்னை மிக்சியும் இங்கே ஊரில் சுற்றிய வேகத்திலேயே சுற்றும். மாறுவது செருகிதான்; செவ்வக முனைகள் கொண்ட பிரிட்டிஷ் வகைச் செருகியில் 13 ஆம்பியர் ஃப்யூஸ் உள்ளது, அதாவது ஒரு செருகியின் எல்லை 3 கிலோவாட். 2 கிலோவாட் இண்டக்‌ஷனையும் 2.2 கிலோவாட் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் மாட்டினால் 18 ஆம்பியர் இழுக்கும். கம்பி சூடாவது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப என்பதால், 13க்குப் பதில் 18 என்பது கிட்டத்தட்ட இரட்டிப்புச் சூடு. சிறிய மிகைச்சுமைக்கு ஃப்யூஸ் உடனே அறுந்துவிடாது, அதற்குள் பலகை இளகத் தொடங்கலாம். உருண்டை முனைச் செருகியைத் தளர்ந்த அடாப்டரில் ஆட்டி ஆட்டிப் பொருத்துவது இதைவிடவும் ஆபத்தானது.

எண்ணெய்ப் பலகாரத்தை விருந்துக்கு முந்தைய நாளே முடித்துவிட வேண்டும் என்பதற்கும் வெப்பக் கணக்கே சான்று. வாணலியில் ஒரு கிலோ எண்ணெய் 180 டிகிரியில் இருப்பதாகக் கொள்ளலாம். எண்ணெயின் தன்வெப்பம், அதாவது ஒரு கிலோவை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம், 2 கிலோஜூல் மட்டுமே. நான்கு வடைகள் வேகும்போது அவற்றிலிருந்து 30 கிராம் நீர் ஆவியானால், அதற்கு மட்டும் 68 கிலோஜூல் வேண்டும். அடுப்பு ஈடுகட்டாவிட்டால் எண்ணெய் 34 டிகிரி குளிர்ந்துவிடும். எண்ணெய்க்குள் ஒரு கிலோவாட் மட்டும் செலுத்தக்கூடிய சிறிய அடுப்பு நான்கு வடைக்கு ஈடுகொடுக்கும், பத்து வடைக்குக் கொடுக்காது; வாணலி கொள்கிறதே என்று பத்தையும் போட்டால் அவை எண்ணெயில் பொரியாமல் ஊறும். வடையிலிருந்து சீறி வெளியேறும் ஆவி எண்ணெயை உள்ளே விடாமல் தடுக்கிறது. எடுத்தபின்தான் உள்ளே மிஞ்சிய ஆவி குளிர்ந்து சுருங்கி, மேற்பரப்பில் ஒட்டியுள்ள எண்ணெயை உள்ளே இழுக்கிறது. எனவே, ஜல்லிக்கரண்டியை வாணலிக்கு மேலேயே சில நொடி பிடித்து, இரண்டு முறை உதறி, சூடு தணியும் முன் வடியவிடுவதில்தான் பலகாரத்தின் எண்ணெய் அளவு முடிவாகிறது. செக்கு நல்லெண்ணெய் 180 டிகிரியை ஒட்டியே புகையத் தொடங்கும்; கூடத்துக் கூரையில் உள்ள புகை உணர்வி, தன்னுள் பாயும் ஒளி துகள்களில் பட்டுச் சிதறுவதைக் கண்டு அலறும் கருவி என்பதால், எண்ணெய்ப் புகைக்கும் தீயின் புகைக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. வாணலி தீப்பற்றினால் ஒரு சொட்டு நீரும் ஊற்றக் கூடாது. நீர் ஆவியாகி 1,700 மடங்கு விரிந்து எரியும் எண்ணெயை வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமலிருப்பதே வழி.

இத்தனைக்கும் பிறகு எஞ்சுவது வரிசை. ஒருவர் மட்டும் நறுக்குகிறார், ஓர் அடுப்பு குக்கருக்குப் போய்விட்டது, மற்றோர் அடுப்பில் நான்கு பதார்த்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். இதே வடிவிலான சிக்கலை, இரண்டு இயந்திரங்கள் வழியே அடுத்தடுத்துச் செல்லும் வேலைகளுக்காக, எஸ். எம். ஜான்சன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1954இல் தீர்த்தார். அவருடைய விதி எளிது: இருக்கும் எல்லா நேரங்களிலும் மிகக் குறைந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும், அது முதல் கட்டத்துக்கு உரியதானால் அந்த வேலை வரிசையின் தொடக்கத்துக்கும், இரண்டாம் கட்டத்துக்கு உரியதானால் வரிசையின் கடைசிக்கும் போகும், மீதமுள்ளவற்றுக்கும் அப்படியே. பாயசத்துக்கு ஆயத்தம் 5 நிமிடம், அடுப்பு 30 நிமிடம். சாம்பாருக்கு 10, 25. அவியலுக்கு 25, 15. பீன்ஸ் பொரியலுக்கு 20, 10 என்றால், விதி தரும் வரிசை பாயசம், சாம்பார், அவியல், பொரியல். எல்லாம் 85 நிமிடத்தில் இறங்கிவிடும். நறுக்குகிற வேலையை முதலில் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில் இதே வரிசையைத் தலைகீழாக்கி, பொரியலில் தொடங்கிப் பாயசத்தில் முடித்தால் 115 நிமிடம் ஆகும். அந்த அரைமணி நேர வித்தியாசம் முழுவதும் அடுப்பு காலியாகக் காத்துக்கிடந்த நேரம். பாயசம் கடைசியில் பரிமாறப்படுவதால் கடைசியில் செய்ய வேண்டும் என்பது வெறும் பழக்கம்.

பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாத கூடத்தில், கல்யாண வீட்டுப் பந்தி முறையே மீண்டும் கைகொடுக்கிறது. ஆறு ஆறு பேராக இரண்டு பந்தி வைத்தால், இரண்டாம் பந்திக்குரிய உணவு முக்கால் மணி நேரம் சூடாகக் காத்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட பகுதியை நுண்ணுயிர்கள் பெருகும் ஆபத்து வரம்பாகக் குறிப்பிட்டு, சமைத்த உணவை அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்கிறது. ஹாட்பேக்கில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்து, கொட்டிவிட்டு, உடனே சாதத்தை நிரப்பினால், பாத்திரச் சுவர் சாதத்தின் சூட்டைத் திருடாது.

மிஞ்சிய சாதம்தான் உண்மையான இடர். அரிசியில் இயல்பாகவே உள்ள பேசிலஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதிநீரிலும் சாவதில்லை; சாதம் மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சை வெளியிடுகின்றன. அந்த நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் சூடாக்கினாலும் சிதையாது என்பதால், மறுநாள் நன்றாகச் சுடவைத்துவிட்டோம் என்ற ஆறுதல் பயனற்றது. தடுக்கும் வழி வேகமாக ஆறவைப்பது மட்டுமே. சாதக் குவியலின் தடிமன் இரு மடங்கானால் அதன் நடுப்பகுதி ஆற ஏறத்தாழ நான்கு மடங்கு நேரமாகும். அகலத் தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி விசிறிக்கு அடியில் வைத்த சாதம், அண்டாவில் விட்ட சாதத்தைவிடப் பன்மடங்கு விரைவாக ஆறிவிடும். ஐந்து லிட்டர் சாம்பாரை 70 டிகிரிச் சூட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தால் அதிலிருந்து 1,360 கிலோஜூல் வெப்பத்தை எடுத்தாக வேண்டும். 100 வாட் அளவில் வெப்பத்தை வெளியேற்றும் ஃபிரிட்ஜுக்கு அது நான்கு மணி நேர வேலை, அதற்குள் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடேறிவிடும். மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்து வரும் குழாய்நீர் அக்டோபரிலும் வெதுவெதுப்பாகவே இருப்பதால், கீழ்த்தளத்துக் குரோசரியில் மூன்று கிலோ ஐஸ் வாங்கிச் சிங்க்கில் கொட்டி, அதில் பாத்திரத்தை இறக்கிக் கிளறுவது மேல்.

ஃபிரிட்ஜின் 4 டிகிரிக் குளிரில் சாதம் விறைத்துப்போவது வேறு செயல்பாடு. வெந்தபோது குலைந்த மாவுச்சத்து மூலக்கூறுகள் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. நீர் தெளித்து நன்றாகச் சூடாக்கினால் அந்த அடுக்கு பெருமளவு குலைந்து சாதம் மென்மையாகிவிடும். விருந்தினர் கையில் கொடுத்தனுப்பும் பார்சலுக்கு வெறும் சாதமும் பாயசமும் ஏற்றவையல்ல. ஆறிய சாதத்தில் கிளறிய புளியோதரையில், புளியின் டார்டாரிக் அமிலம் பாக்டீரியா பெருகுவதை மட்டுப்படுத்துகிறது. எண்ணெயில் நீர் வற்றக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் கூடுதல் நீரையும் சேர்ப்பதில்லை. முறுக்கும் அதிரசமும் இன்னும் பாதுகாப்பானவை. பக்கத்து நிலையத்தில் மெட்ரோ ஏறி ஒரு மணி நேரத்தில் வீடு சேரும் விருந்தினருக்கு இவற்றைக் கட்டிக்கொடுக்கலாம். வண்டிக்குள் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டால் 100 திர்ஹம் அபராதம் என்பதை மட்டும் வாசலில் வைத்தே சொல்லிவிட வேண்டும்.